ஸ்டோரிபோர்டர்: விழிப்புணர்வு அனிமேஷனுக்குத் திட்டமிட ஏற்றதா?
வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பது பற்றி 60 நொடி அனிமேஷன் எடுக்கப் போகும் சிறு தொண்டு நிறுவனத்துக்கு, காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து திட்டமிட உதவும் மென்பொருளான வொண்டர் யூனிட்டின் ஸ்டோரிபோர்டரைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். இலவசம், ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது).

இதன் பலமே நேரக் கணக்குதான். ஒவ்வொரு கட்டமும் எத்தனை நொடி என்று கொடுத்து, குரலையும் பதிந்து, அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். உதாரணமாக, கரைசல் கலக்கும் காட்சி: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதை 6 நொடியில் திணித்தால் பார்க்கிற தாய் எண்ணி முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து. ஒவ்வொரு ஸ்பூனும் தனித்தனியாக விழட்டும். 15 நொடியாவது ஒதுக்குங்கள். இந்தப் பிழை வரையத் தொடங்குமுன்பே தெரிய வேண்டும். நொடிக்கு 12 படம் என்றாலே நிமிடத்துக்கு 720 ஆகிவிடும், திருத்தக் காசு இருக்காது.

வரையும் கருவிகள் எளிமையானவை. நுணுக்கமான பின்னணிக்கு வேறு மென்பொருள்தான் வேண்டும். பல மொழிகளில் டப்பிங் உண்டென்றால் உதட்டசைவையும் திரை எழுத்தையும் தவிர்த்து, கட்டத்துக்கு ஒரு நொடி கூடுதலாக விடுங்கள். சில மொழிகளில் வசனம் நீளும்.