தனியாக ஆடும் மேசைப் போர்: இரு பக்கமும் நாமா, எதிரி பகடையா?

மினியேச்சர் படைகளை (குட்டிப் பொம்மை வீரர்களை) மேசைமேல் வைத்துத் தனியாளாகப் போர் விளையாட்டு ஆடும்போது எதிரியை யார் நகர்த்துவது என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு பக்கத்தையும் நாமே ஆடலாம், கூடுதல் விதி எதுவும் வேண்டாம். ஆனால் இரண்டு திட்டமும் ஒரே தலைக்குள் இருப்பதால் பதுங்கித் தாக்குவது, ஏமாற்றுவது எல்லாம் செத்துப்போகும், நன்றாக வண்ணம் தீட்டிய படைக்குக் கொஞ்சம் சலுகையும் போகும் (போகத்தான் செய்யும்!).

எதிரியைப் பகடைக்கு விடுவது வேறு மாதிரி. முன்னேறு, நில், பின்வாங்கு என்று பகடையில் விழும் 1 முதல் 6 வரையிலான எண்களுக்குக் கட்டளை சொல்லும் ஒரு அட்டவணை போதும். நெப்போலியன் தோற்ற 1815 வாட்டர்லூ போரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊகூமோன் பண்ணை வீட்டைக் காக்கும் பிரிட்டிஷ் கூட்டணி வீரர்களுக்கு இடத்தை விடாமல் சுடுவதுதான் முக்கிய வேலை, அதைப் பகடையே அழகாகப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் பிரெஞ்சுப் பக்கம் ஆடலாம். பிரிட்டிஷாருக்குத் துணையாக வரும் தளபதி புளூஷரின் பிரஷ்யப் படை எந்தச் சுற்றில் வரும் என்பதையும் பகடையே சொன்னால் படபடப்புதான். குதிரைப்படைதான் சிக்கல், அட்டவணை சொன்னதென்று நாலாபுறமும் துப்பாக்கி ஈட்டியை நீட்டி நிற்கும் காலாட்படையின் சதுர அணிமேல் போய் முட்டும். சரி, பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் நே அன்று அதைத்தான் செய்தார் என்பது வேறு விஷயம்.

பக்கத்துக்கு ஆறேழு பிரிவு, ஒரு பக்கம் தற்காப்பு என்றால் பகடைக்குத்தான் என் ஓட்டு. இரு படையும் மோதிக்கொள்ளும் திறந்தவெளிப் போருக்கு நாமே ஆடுவது மேல்.