பாலர் அறிவியல் பெட்டி: 650 ரூபாய்க்குத் தேறுமா?

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பொம்மைக் கடைகளில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கென்று விற்கும் பெட்டி இது. பன்னிரண்டு சிறு பொருள்கள், ஒரு லாடக் காந்தம், மூன்று உப்புத்தாள் அட்டைகள், செய்முறை அட்டைகள். அவ்வளவுதான்.

உப்புத்தாள் அட்டைகள் உருப்படியானவை. 60, 120, 220 என்று எண் ஏற ஏறச் சொரசொரப்பு குறைகிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவி வரிசைப்படுத்தலாம். 60-ஐ அழுத்தித் தேய்த்தால் பிஞ்சு விரல் கீறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு மிதப்பது, மூழ்குவது பகுதியில்தான். மூழ்க இரும்புக் குண்டு, மிதக்கத் தெர்மாகோல். இதைப் பார்க்கிற பிள்ளை ‘கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்’ என்றுதான் முடிவு கட்டும். அதை உடைக்கப் பெட்டிக்குள் ஒன்றுமில்லை. ஒரு புளியங்கொட்டையும் முழுத் தர்பூசணியும் போதும். இரண்டையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எது மூழ்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு அண்டாத் தண்ணீரில் போடுங்கள். கொட்டை அடிக்குப் போகும், பழம் மேலே நிற்கும். (பழத்தை அறுப்பதற்கு முன்பு!)

அடுத்து களிமண். விளாச்சேரி பொம்மைக்காரர்களிடம் ஒரு பிடி கேட்டு வாங்கலாம். எலுமிச்சை அளவு உருண்டை மூழ்கும். அதே மண்ணை விளிம்பு தூக்கிய கிண்ணமாகத் தட்டினால் மிதக்கும். எடை மாறவில்லை, அது தள்ளும் தண்ணீரின் அளவுதான் கூடியிருக்கிறது. கிண்ணம் தடிமனாக இருந்தாலோ விளிம்பில் விரிசல் விட்டிருந்தாலோ மூழ்கிவிடும். பச்சை மண் சீக்கிரம் ஊறிக் கரையும், அதனால் உடனே எடுத்துவிடுங்கள்.

காந்த அட்டையில் ‘உலோகங்கள் ஒட்டும்’ என்று அச்சடித்திருப்பது சுத்தத் தப்பு. அலுமினியக் கரண்டி ஒட்டாது, பித்தளைச் சொம்பு ஒட்டாது. எவர்சில்வர் டம்ளர்களில் சில ஒட்டும், சில ஒட்டாது. உலோகக் கலவையைப் பொறுத்தது. எவர்சில்வர் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டும், பித்தளை நிற ஐந்து ரூபாய் ஒட்டாது. அந்த வரியை அடித்துவிட்டு ‘இரும்பு ஒட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள்.

காந்தம் பெரிதாக இருப்பது நல்லது. கூடுதலாகப் பொத்தான் காந்தம் வாங்கிச் சேர்க்காதீர்கள்: இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கை இருக்கிற வீட்டில் இந்தப் பெட்டியைப் பரணில் வையுங்கள்.

காந்தமும் உப்புத்தாளும் தனியாக வாங்கினாலே வேலை முடியும். மீதிக்குச் சமையலறை இருக்கிறது. பெட்டியாகவே வாங்கினால், காந்தத்தின் இரு முனையையும் சேர்க்கும் இரும்புத் துண்டைத் தொலைக்காதீர்கள். அது இல்லாமல் வைத்தால் காந்தம் நாளடைவில் வலுவிழக்கும்.