தனித் தேர்வா, கூட்டுத் தேர்வா?

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கப் பாடசாலையொன்றில் சேர்ந்திசைக் குழுவுக்கு 60 பிள்ளைகள் பெயர் கொடுத்தால், ஆளுக்கு 3 நிமிடப்படி தனித் தேர்வுக்கே 3 மணித்தியாலம் போய்விடும். ஐவர் ஐவராக நிறுத்தினால், அணிக்கு 5 நிமிடம் எடுத்தாலும் ஒரு மணித்தியாலம்தான். கூச்சமுள்ள பிள்ளையும் வாய் திறக்கும். ஆனால் சுருதி விலகும் குரல் பக்கத்துப் பிள்ளையின் சத்தத்தில் ஒளிந்துகொள்ளும். வரிசைக்குள் நடந்து ஒவ்வொரு வாயருகிலும் காது கொடுத்தால்தான் பிடிபடும்.

தனித் தேர்வில் 5 கட்டையில் (மேற்கத்திய G சுருதி) ச-ரி-க-ம-ப பாடவிட்டு, அரைக் கட்டையாக ஏற்றுங்கள். கழுத்து நரம்பு புடைத்து நாடி (மோவாய்) மேலெழும்பும் இடமே எல்லை. பிறகு ஆசிரியை வேறு சுரம் பிடிக்க, பிள்ளை தன் சுரத்திலேயே நிற்கிறதா பாருங்கள். இரண்டு மெட்டு ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரு குரல் பாட்டுக்கு இதுதான் உயிர், இனிமையெல்லாம் இரண்டாம்பட்சம். எல்லாரும் ஒரே மெட்டைப் பாடும் குழுவென்றால் கூட்டுத் தேர்வே போதும். 13, 14 வயதுப் பையன்களை மட்டும் எப்படியும் தனியாகக் கேளுங்கள்: குரல் உடையும் பருவம், தவணைக்குத் தவணை மாறும்.