லண்டனில் சின்ன அரங்குகளில் ஃபோக் பாட்டு கேட்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லண்டனில் இருக்கிற நம்மவர்களுக்கும், விடுமுறைக்கு இங்கே வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சின்ன அரங்கில் ஒரு ஃபோக் பாடகரை, அதாவது நாட்டுப்பாடல் மரபில் பாடுகிறவரை, நேரில் கேட்க ஆசைப்பட்டால், ஒருவர் வாங்கிய டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்கிற மறுவிற்பனைத் தளம் பக்கமே போகாதீர்கள். 17 பவுண்டு டிக்கெட்டுக்கு என்னிடம் 52 பவுண்டு வாங்கினார்கள். அதற்கு மேல் கட்டணம் வேறு. கடைசியில் கையில் வந்தது, ஏற்கெனவே யாரோ காட்டி உள்ளே போய்விட்ட டிக்கெட்.

இந்த அரங்குகளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓ2, வெம்ப்ளி மாதிரியான பிரமாண்டமான இடங்கள் இல்லை இவை. பப் ஒன்றின் மாடி அறை, பழைய தேவாலயம், காபிக்கடையின் கீழ்த்தளம் இப்படித்தான் இருக்கும். எர்ல்ஸ் கோர்ட் பக்கம் 1954 முதல் இருக்கும் ட்ரூபடோர் அப்படி ஒரு கீழ்த்தளம்தான். பாப் டிலன் முதல்முறை லண்டன் வந்தபோது அங்கே பாடியிருக்கிறார். கேம்டனில் க்ரீன் நோட் என்ற சின்ன அரங்கு இருக்கிறது. அதே கேம்டனில், ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்த செசில் ஷார்ப்பின் பெயரில் 1930-இல் திறந்த செசில் ஷார்ப் ஹவுஸ் இருக்கிறது. அதற்குள் ஒரு நாட்டுப்பாடல் நூலகமே உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் 12 முதல் 25 பவுண்டுக்குள் ஒரு மாலை முழுக்கப் பாட்டு கேட்கலாம். பாடகர் இரண்டு கெஜ தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் மேலே சொன்ன எந்த இடத்திலும் எனக்குப் பிரச்சினை வந்ததில்லை. பிரச்சினை நடந்தது வேறோர் அறையில். அதுவும் அந்த அறைக்காரர்களால் இல்லை.

கோவையிலிருந்து தங்கை வந்திருந்தாள். அவளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும். வடக்கு இங்கிலாந்திலிருந்து வரும் ஒரு பாடகி, தன் பாட்டைத் தானே எழுதி இசையமைத்துப் பாடுகிறவர், அவரை யூடியூபில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அவள் இங்கே இருக்கிற வாரத்திலேயே கிழக்கு லண்டனில் அந்தப் பாடகியின் கச்சேரி. பாடகி பெயரும் லண்டன் என்றும் போட்டுத் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் அரங்கின் பெயர் பெரிய எழுத்தில், அரங்கின் படம், தேதி எல்லாம் சரியாக இருந்தன. 'இன்னும் 2 டிக்கெட் மட்டுமே' என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பத்து நிமிடத்திலிருந்து இறங்கும் கடிகாரம். டிக்கெட் 52 பவுண்டு என்றது. இரண்டுக்கு 104. கார்டு எண் கொடுத்து முடிக்கிற கடைசித் திரையில் 'சேவைக் கட்டணம்' என்று 27 பவுண்டு 40 பென்ஸ் சேர்ந்துகொண்டது.

டிக்கெட் உடனே வரவில்லை. கச்சேரி நடக்கும் அன்று மதியம்தான் ஒரு பிடிஎஃப் வந்தது. யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. விற்றவர் பெயராக இருக்கும், பரவாயில்லை, அதைக் காட்டினாலே போதும் என்று தளத்தின் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள். 'வரிசை பி, இருக்கை 14, 15' என்றும் இருந்தது.

அங்கே போனால் வாசலில் ஒரு சின்ன மேசை. மேசையில் ஒரு விளக்கு, அச்சடித்த பெயர்ப்பட்டியல், ஒரு பென்சில். வருகிறவர் பெயரைச் சொன்னால் மேசையில் இருந்த அம்மா கோடு போட்டு, புறங்கையில் ஒரு முத்திரை குத்தி அனுப்புவார். எங்கள் பிடிஎஃபைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. பட்டியலில் அந்தப் பெயர் மேல் ஏற்கெனவே கோடு இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அதே பெயர், அதே பிடிஎஃபோடு முதலில் ஒரு ஜோடி வந்து உள்ளே போய்விட்டது. அதன் பின் இன்னொரு ஜோடி வந்து திரும்பிப் போயிருக்கிறது. நாங்கள் மூன்றாவது.

வரிசை, இருக்கை எண்ணைக் காட்டினேன். அவர் கதவை லேசாகத் திறந்து உள்ளே காட்டினார். மடக்கு நாற்காலிகளும் இரண்டு பெஞ்சும். எந்த நாற்காலியிலும் எண் கிடையாது. முதலில் வந்தவர் முன்னால் உட்காருவார், அவ்வளவுதான். வரிசை பி என்பது அந்தத் தளமே இட்டுக்கட்டியது.

எனக்குக் கோபம் வந்தது அடுத்து அவர் சொன்னதில்தான். அந்த அறையின் சொந்த இணையப் பக்கத்தில், 17 பவுண்டுக்கு, முந்தின நாள் மாலை வரை டிக்கெட் இருந்திருக்கிறது. நான் 'இன்னும் 2 மட்டுமே' என்பதைப் பார்த்துப் பணம் கட்டிய நேரத்தில் பாதி அறை காலி. தட்டுப்பாடே இல்லாத இடத்தில் தட்டுப்பாடு இருப்பதாகக் காட்டி மூன்று மடங்கு விலை வாங்கியிருக்கிறார்கள். அதையும் ஒரே டிக்கெட்டைப் பலருக்கு விற்று.

அன்றைக்கு அறை நிரம்பிவிட்டது. தீயணைப்பு விதிப்படி இத்தனை பேர்தான் என்று இந்த இடங்களுக்கு ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் ஒருவரைக்கூட நிற்க வைக்க முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. "விடுண்ணா, யூடியூப்ல கேட்டுக்கலாம்" என்றாள் தங்கை. அவள் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

படியில் நின்றுகொண்டிருந்தோம். இடைவேளை வரை யாராவது வராமல் போனால் கூப்பிடுகிறேன் என்று அந்த அம்மா சொன்னார். சொன்ன மாதிரியே கூப்பிட்டார். வராதவர்கள் இருவர். பாதிக் கச்சேரிக்குப் பாதிப் பணம் போதும் என்றார். நான் முழுப் பணமும் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளத் தயங்கினார். பாடகிக்குப் போகட்டும் என்ற பிறகு வாங்கினார்.

இரண்டாம் பாதியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு மைக். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பாடகி கிட்டாரின் சுருதியை மாற்றிக்கொண்டே பேசினார். ஒரு பாட்டுக்கு டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று தந்திகளை இறக்கினார். அறுபதுகளில் டேவி கிரஹாம் என்ற கிட்டார் கலைஞர் பரவலாக்கிய முறை அது. தங்கை என் கையைப் பிடித்து இழுத்து, இதைத்தான் வீட்டில் வாசித்துப் பார்க்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது என்று காதில் சொன்னாள். மூடிப்போன ஒரு மில்லில் வேலை பார்த்த தன் பாட்டியைப் பற்றி ஒரு பாட்டு. இரண்டாவது சரணம் முடிவதற்குள் அறை முழுக்கப் பல்லவியைச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது. யாரும் போனை எடுக்கவில்லை. முடிந்ததும் பாடகியே மேசைக்குப் பின்னால் வந்து நின்று சிடி விற்றார். தங்கை ஒன்று வாங்கி, அந்தச் சுருதியைப் பற்றிக் கேட்டாள். அவர் கிட்டாரை மறுபடி உறையிலிருந்து எடுத்துக் காட்டியே விட்டார்.

இது கிடைக்கிற இடம் என்பதால்தான் நான் இவ்வளவு வருத்தப்பட்டு எழுதுகிறேன். கணக்குப் பாருங்கள். அறுபது பேர் கொள்ளும் அறை நிரம்பினாலும், 17 பவுண்டு வீதம் மொத்த வசூல் 1,020 பவுண்டுதான். அதில் அரங்குக்கு ஒரு பங்கு, ஒலி அமைப்பவருக்கு ஒரு பங்கு, ரயில் கட்டணம், இரவு தங்கும் செலவு. மிச்சம்தான் பாடுகிறவருக்கு. மார்ட்டின் கார்த்தி ஃபோக் கிளப்புகளில் அறுபது வருடத்துக்கும் மேலாகப் பாடி வருகிறவர். 84 வயதில், 2025-இல்தான் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசின் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இந்தத் துறையில் பணம் அப்படித்தான், மெதுவாக, கொஞ்சமாக வரும். நான் கட்டிய 131 பவுண்டு 40 பென்ஸில் ஒரு பென்ஸ்கூட அந்தப் பாடகிக்குப் போகவில்லை. யாரோ முதலில் வாங்கிய ஒரு ஜோடி டிக்கெட்டின் 34 பவுண்டில்தான் அவருக்குப் பங்கு.

சரி, இனி வாங்குகிறவர்களுக்கு. தேடலில் மேலே வரும் முடிவில் 'ஸ்பான்சர்டு' (பணம் கொடுத்துப் போட்ட விளம்பரம்) என்று சின்னதாகப் போட்டிருந்தால் அதைத் தாண்டிக் கீழே போங்கள். அதைவிட நல்லது, பாடகரின் சொந்தப் பக்கத்துக்குப் போய் 'டூர்' பகுதியில் இருக்கிற இணைப்பை அழுத்துவது. அது அரங்கின் பக்கத்துக்கோ, அவர்கள் உண்மையிலேயே விற்கக் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கோதான் கொண்டுபோகும். எண் போட்ட இருக்கை இருக்கிற இடமா என்று அரங்குக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் அன்றைக்கே பதில் வரும். ஒவ்வோர் இடத்தையும் நடத்துகிறவர்கள் நான்கைந்து பேர்தான், கேட்டால் பதில் போடுவார்கள். பப் மாடி அறைக்கு, பெரிய அரங்கின் கீழ்த்தள இருக்கைகளைப் போல 'ஸ்டால்ஸ், வரிசை பி' என்று ஒரு தளம் விற்றால் அது பொய் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றாலும் மறுவிற்பனைத் தளம் வேண்டாம். அரங்கிலேயே காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறைய இடங்களில் வாசலில் நேரில் போய் நின்றாலே கிடைக்கும், வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள். வாங்கிய விலைக்கு மேல் விற்க விடாத ட்விக்கெட்ஸ் மாதிரித் தளங்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, மறுவிற்பனை செய்கிறவர் டிக்கெட்டின் அசல் விலையைக் காட்ட வேண்டும், என்னென்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் வாங்கிய பக்கத்தில் 17 பவுண்டு என்று எங்கேயும் இல்லை. கட்டாயக் கட்டணத்தைக் கடைசித் திரையில் சேர்ப்பதும் 2025 ஏப்ரல் முதல் தடை. இதெல்லாம் சும்மா ஏட்டில் மட்டும் இருக்கிற விதியும் இல்லை. 2018 நவம்பரில் போட்டி மற்றும் சந்தை ஆணையம் ஒரு பெரிய மறுவிற்பனைத் தளத்துக்கு எதிராக நீதிமன்ற ஆணையே வாங்கியது. 2020-இல் லீட்ஸ் நீதிமன்றம் டிக்கெட் வியாபாரிகள் இருவரைச் சிறைக்கு அனுப்பியது. கையில் இல்லாத டிக்கெட்டை விற்றதும் அவர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டில் ஒன்று. அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே தடை செய்யப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்திருக்கிறது. அது நடக்கும் வரை நம் பணத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கவனிக்க வேண்டியது இது. வாங்கிப் பதினான்கு நாளுக்குள் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம் என்கிற விதி, தேதி குறித்த நிகழ்ச்சி டிக்கெட்டுக்குக் கிடையாது. கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு என்கிற நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75 காப்பாற்றும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான் அது பொருந்தும். எனக்கு மொத்தம் 100 தாண்டியும், டிக்கெட் ஒவ்வொன்றும் 52 என்பதால் வங்கி அதை ஏற்கவில்லை. மிச்சம் இருந்தது சார்ஜ்பேக், அதாவது விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி வங்கியைக் கேட்பது. டெபிட் கார்டுக்கும் அது உண்டு, ஆனால் கால வரம்பு இருக்கிறது, ஆறப் போடாதீர்கள்.

தளத்திடம் முறையிட்டபோது முதலில் வந்த பதில், 'டிக்கெட் அனுப்பப்பட்டது, எங்கள் உத்தரவாதம் நிறைவேறியது' என்பது. அடுத்ததாக, உள்ளே விடவில்லை என்பதற்கு அரங்கின் சான்று வேண்டும் என்றார்கள். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே வாசலில் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாமல், அங்கேயே அவர்களிடம் ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். எனக்கு மறுநாள் காலையே வந்தது. 'அந்தப் பெயரில் ஒரே ஒரு முன்பதிவு, அது பயன்படுத்தப்பட்டுவிட்டது, எங்கள் அறையில் எண் போட்ட இருக்கைகள் இல்லை' என்று மூன்றே வரி. அதை அனுப்பியதும் தளம் அடுத்த கச்சேரிக்கான வவுச்சர் தருகிறேன் என்று இறங்கி வந்தது. வாங்காதீர்கள். வவுச்சரை ஏற்றுக்கொண்டால் வங்கியில் உங்கள் புகார் பலமிழந்துவிடும். விலை காட்டிய பக்கம், கடைசித் திரை, பிடிஎஃப் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட் வைத்திருங்கள். கச்சேரி முடிந்த மறுநாளே அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடுகிறார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தால் அது, வணிக மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் போகும். நானும் கொடுத்திருக்கிறேன்.

இப்போதைக்கு வங்கி 131 பவுண்டு 40 பென்ஸையும் தற்காலிகமாக வரவு வைத்திருக்கிறது. தளம் அதை எதிர்த்திருக்கிறது. வங்கி கையை விரித்தால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். முடிவு எப்படி வந்தாலும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன். உங்களில் யாருக்காவது இதே மாதிரி 'வரிசை பி' டிக்கெட் வந்திருந்தால், எந்த அரங்கு, எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதுங்கள். டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம்.