'அசல் தோல்' என்றால் எந்த அடுக்கு என்று கேளுங்கள்

இரவு பத்து மணிக்குப் பாஸ்போர்ட் உறையின் மூலையில் இரண்டு எழுத்துகளைக் குத்தினேன். தோலை ஈரத்துணியால் துடைத்து, இரும்பு எழுத்தச்சை நிமிர்த்தி வைத்து, மரச்சுத்தியால் ஓங்கி ஒரே அடி. பள்ளம் தெளிவாக விழுந்தது. சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எழுத்துகளைக் காணவில்லை. விரலால் தடவினால் மட்டும் அங்கே ஏதோ இருந்த தடம் தெரிந்தது.

என் கைதான் தவறு செய்திருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி நனைத்தேன், மறுபடி அடித்தேன். அடுத்த நாளும் அதே கதை. மூன்று இரவுகள் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று இரவுகளும் இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழக்கரையில் இருக்கிறேன். தோல் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வீட்டாருக்குப் பர்ஸ், சாவிக்கொத்து. பிறகு தெரிந்தவர்கள் காசு கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் ஓர் ஆளாவது இல்லாத வீடு எங்கள் ஊரில் அரிது. அதனால் பாஸ்போர்ட் உறைதான் அதிகம் போகும். சென்ற ஆண்டு எங்கள் தெரு மாமி ஒருவர், மகளின் நிக்காஹ்வுக்கு வரும் உறவினர்களுக்குக் கொடுக்க 25 உறைகள் கேட்டார். ஒன்று 450 ரூபாய். 3,000 ரூபாய் முன்பணமாகக் கையில் வைத்தார். எனக்கு வந்தவற்றில் அதுவே மிகப் பெரிய வேலை.

அதுவரை சிறு துண்டுகளாக வாங்கித்தான் பழக்கம். இந்த முறை முழுத் தோலாக வாங்குவோம் என்று இணையத்தில் தேடினேன். வெளியூர் விற்பனையாளர் ஒருவர் கிடைத்தார். 'ஆவாரம்பட்டையில் பதனிட்ட அசல் எருமைத் தோல், 1.5 மில்லிமீட்டர் கனம்' என்று விளம்பரம். மாதிரி கேட்டேன். உள்ளங்கை அளவில் ஒரு துண்டு அஞ்சலில் வந்தது. அது நல்ல தோல், இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. வெட்டு முனை உள்ளும் புறமும் ஒரே தேன் நிறம். தண்ணீர் பட்டால் கறுத்தது, நகத்தால் கீறினால் கோடு நின்றது. அந்தத் துண்டை நம்பி 24 சதுர அடிக்குச் சொன்னேன். சதுர அடி 190 ரூபாய் வீதம் 4,560. அவரிடமே பதினோரு கருவிகள் கொண்ட பெட்டி 2,350, மெழுகிட்ட லினன் நூலும் பித்தளைப் பிரஸ் பட்டன்களும் 1,050, பார்சல் கூலி 340. மொத்தம் 8,300 ரூபாயை அவருடைய சொந்த எண்ணுக்கே அனுப்பினேன். பில் கேட்டதற்கு, பார்சலுக்குள் வரும் என்றார். வரவில்லை. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

தோல் சுருளாக வந்தது. மேலே அழகான பழுப்பு, ஒரு தழும்பில்லை, ஒரு கொசுக்கடித் தடம்கூட இல்லை. உயிரோடு திரிந்த ஒரு மாட்டின் முதுகு அப்படி இருக்காது. முள் கீறியிருக்கும், உண்ணி கடித்திருக்கும், கழுத்துப் பக்கம் மடிப்பு ஓடியிருக்கும். அந்தக் குறையில்லாத அழகைத்தான் நான் தரம் என்று எண்ணிக்கொண்டேன்.

எழுத்து மறைந்தது முதல் அடையாளம். இரண்டாவது, விளிம்பு. மரப்பட்டையில் பதனிட்ட தோலின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய்த்தால் கண்ணாடி போல மெருகேறும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். இந்தத் தோலில் எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகப் பிரிந்ததே தவிர, ஓரம் இறுகவில்லை. ஆறாவது உறையை முடித்தபோது முதல் உறையின் மடிப்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வாரம் ஒன்று ஆகவில்லை, யாரும் அதைப் பயன்படுத்தவும் இல்லை.

அந்த உறையையும் ஒரு துண்டுத் தோலையும் பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அரண்மனைப் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் ஊசிகளை எப்படித் தீட்டுவது என்று முன்பு சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். துண்டை வாங்கியவர் மேற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக வெட்டு முனையைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கத்தி முனையால் ஒரு மூலையைக் கிளறி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். பழுப்பு நிறம் மெல்லிய பிளாஸ்டிக் தாளாக உரிந்து வந்தது. அடியில் வெறும் நார்.

"இது அடித்தோல், தாயி. மேல்தோலை வேறு யாருக்கோ விற்றுவிட்டான். இதற்கு மேலே பூச்சுப் பூசி ரேகை அழுத்தியிருக்கிறான்."

"அசல் தோல் என்றுதானே அண்ணே சொன்னார்?"

"தோல்தான். இல்லை என்று சொல்ல முடியுமா?"

இந்த இடத்தைத்தான் எல்லாரும் நின்று கவனிக்க வேண்டும். எருமைத் தோல் தடிப்பானது. அதை இயந்திரத்தில் கொடுத்துக் குறுக்கே இரண்டாகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேலடுக்கில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வலிமையும் மெருகும் அதற்கே. கீழடுக்கில் நார் தளர்ந்திருக்கும். கீழடுக்கும் பயனுள்ள பொருள்தான். வெல்டிங் செய்பவர்களின் கையுறை அதில்தான் வருகிறது, சுவேட் என்று மென்மயிர் எழுப்பியும் விற்கிறார்கள். அடித்தோல் என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்பவர் மீது யாருக்கும் குறையில்லை. அதன்மேல் பாலியூரித்தேன் பூசி, மேல்தோலின் ரேகையை அச்சாக அழுத்தி, மேல்தோல் விலைக்கு விற்பதுதான் மோசடி. 'அசல் தோல்' என்ற சொல் அந்த மோசடிக்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சொல்லுக்குள் மேலடுக்கும் அடங்கும், அடியடுக்கும் அடங்கும்.

வீட்டுக்கு வந்து மற்றவற்றையும் சோதித்தேன். வெட்டு முனையின் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தது. அது குரோமியம் உப்பில் பதனிட்டதன் அடையாளம். மாதிரித் துண்டில் ஒரு நகக்கண் அளவும் இந்தத் தோலில் ஒரு நகக்கண் அளவும் வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். மாதிரி உடனே சுருண்டு கட்டையாகிவிட்டது. மற்றது ஒரு நிமிடம் கழித்தும் போட்டபடியே கிடந்தது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் சுமார் 80 பாகை வெப்பத்திலேயே சுருங்கிவிடும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். எழுத்து ஏன் மறைந்தது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பட்டைத் தோல் ஈரத்தில் களிமண் போல அச்சை வாங்கிக்கொண்டு, காய்ந்ததும் இறுகும். குரோம் தோல் ரப்பர் போலத் தன் நிலைக்குத் திரும்பிவிடும். பைகளுக்கும் ஷூக்களுக்கும் குரோம் தோல் மிக ஏற்றது. நான் கேட்டதும் பணம் கொடுத்ததும் அதற்கு இல்லை.

ஆவாரம்பட்டை என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சி, திண்டுக்கல் வட்டாரங்களில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயால் மெருகூட்டிய தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கடல் கடந்து போனது. நம் மண்ணின் பெருமை அது. இன்று பட்டைத் தோல் என்று வருவதில் பெரும்பகுதி வாட்டில் என்ற வேறொரு மரப்பட்டையின் சாற்றில் பதனிட்டது. அதிலும் குறையில்லை, நானே அதில் வேலை செய்கிறேன். ஆனால் 'ஆவாரம்பட்டை' என்று யாராவது விளம்பரம் செய்தால், எந்தத் தோல் ஷாப்பில், அதாவது எந்தப் பதனிடும் ஆலையில், பதனிட்டது என்று கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் சொல்வார்.

அளவிலும் கைவைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓரடிக்கு ஓரடி டைல்ஸ். தோலை அதில் விரித்து, சாக்பீஸால் ஓரம் வரைந்து, முழுக் கட்டங்களையும் அரைக் கட்டங்களையும் எண்ணினேன். 24 சதுர அடிக்குப் பதில் 20.5 இருந்தது. மூன்றரை அடி, 665 ரூபாய். கனம் ஓரிடத்தில் 1.9, வயிற்றுப் பக்கத்தில் 1.1. லினன் நூலின் நுனியைக் கொளுத்தினேன். தாள் போல எரிந்து சாம்பலாக வேண்டியது, உருகி முத்தாகத் திரண்டது. பாலியஸ்டர். பித்தளைப் பட்டனில் காந்தம் ஒட்டியது. இரும்புக்கு முலாம் பூசியிருக்கிறார்கள். எங்கள் கடற்கரையில் அது எத்தனை நாள் தாங்கும்? கார்த்திகை மழை முடிவதற்குள் பட்டனைச் சுற்றித் தோலில் துருக்கறை இறங்கிவிட்டது. கருவிகள் துருப்பிடித்ததை விற்றவர் தலையில் கட்ட மாட்டேன். உப்புக்காற்றில் எல்லா இரும்பும் துருப்பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்க வேண்டியது நம் வேலை. ஆனால் தையலுக்குத் துளை போடும் நான்கு பல் உள்ள பஞ்ச், ஒன்றரை மில்லிமீட்டர் தோலில் மூன்றாவது அடியிலேயே பல் வளைந்தது என்றால் அது காற்றின் குற்றமில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறு. உறையைப் பார்க்க வந்த மாமி கேட்டார்: "இது என்ன தோல், மகளே?"

எருமை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை. மேல்தோல் இருந்தால் மயிர்த்துளைகள் சாட்சி சொல்லும். ஆட்டுத்தோலில் அவை வளைந்த வரிசைகளாக ஓடும், பன்றித்தோலில் மூன்று மூன்றாகக் கூடி நிற்கும். பூச்சுப் பூசிய அடித்தோலில் துளையே கிடையாது. மேலே தெரிவது அச்சில் வந்த ரேகை. எந்த விலங்கு என்பதற்கு விற்றவரின் வாக்கு மட்டுமே ஆதாரம், அந்த வாக்கு எப்படிப்பட்டது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தொழுகைக்குப் போகிறவர் சட்டைப்பையில் வைக்கும் பொருள் அது. ஆறு உறைகளையும் அன்றே மாமி முன்னால் ஒதுக்கி வைத்தேன், முன்பணத்தையும் எடுத்து நீட்டினேன். அவர் பணத்தை வாங்கவில்லை. "நல்ல தோல் கிடைத்ததும் செய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விற்றவரிடம் பேசினேன். முதலில், "வெட்டிய தோலைத் திரும்ப எடுக்க மாட்டோம், மேடம்" என்றார். பிறகு, பார்சல் பிரித்ததை வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார். கடைசியாக, "நீங்கள் விற்பதற்காகத்தானே வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்றார். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டு நானும் ஒரு வாரம் அடங்கித்தான் போனேன். அது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது. ஆனால், தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அந்தத் தொழிலுக்காக வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அது விலக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து தைக்கும் நம்மைப் போன்றவர்களுக்காகவே அந்த விளக்கம் எழுதப்பட்டது போல இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தேன். இப்போது மாவட்ட ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பில் இல்லாததால், பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்ஆப் உரையாடலையும் பார்சல் ஒட்டுச்சீட்டையும் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. கோபத்தில் தோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையமே அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது.

இப்போது நான் தோல் வாங்கும் விதம் மாறிவிட்டது. அஞ்சலில் வரும் மாதிரியை நம்புவதில்லை. வீடியோ அழைப்பில், நமக்கு அனுப்பப்போகும் அதே தோலின் ஓரத்தை வெட்டி வெட்டு முனையைக் காட்டச் சொல்கிறேன். பின்பக்கத்தைக் காட்டச் சொல்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்கிறேன். மேலே மெழுகு ஏற்றிய நல்ல தோலும் தண்ணீரை உடனே குடிக்காது, அதனால் தண்ணீரை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். வெட்டு முனை பொய் சொல்லாது. எந்த விலங்கு, எந்த அடுக்கு, எதில் பதனிட்டது, எத்தனை சதுர அடி என்ற நான்கையும் பில்லில் எழுதித் தந்தால்தான் பணம். எழுதித் தர மறுத்தவர்கள் இதுவரை இரண்டு பேர். இருவரிடமும் வாங்கவில்லை.

மாமியின் வேலைக்குச் சென்னையில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) தோல் கடைகள் நிறைந்த பெரியமேட்டுக்கு நேரில் போய், தொலைபேசியில் என்னை வைத்துக்கொண்டே ஒவ்வொரு தோலாகப் புரட்டி வாங்கி அனுப்பினார். சதுர அடி 230 ரூபாய், கழுத்துப் பக்கம் இரண்டு தழும்புகள் இருந்தன. நிக்காஹ்வுக்குள் 19 உறைகளே முடிந்தன. மீதி ஆறைப் பிறகு கொடுத்தேன்.

அந்த ஆறு பழைய உறைகளும் ஒரு பெரிய துண்டும் ஆணையத்துக்காகக் கட்டி வைத்திருக்கிறேன். மீதித் தோல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் யாராவது தோல் வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தால் வாருங்கள். விரலளவு இதில் ஒன்று, நல்ல தோலில் ஒன்று வெட்டித் தருகிறேன். இரண்டின் வெட்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.