கொழும்புக்குப் பறக்க மதுரையா, திருச்சியா?

இராமநாதபுரத்தில் இருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 270 கிலோமீட்டர்தான். ஆனால் நேராகப் போக வழியில்லை. தனுஷ்கோடித் துறைமுகம் 1964 புயலோடு போயிற்று, ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலும் எண்பதுகளில் நின்றுவிட்டது. உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறதே என்றால், அது கடற்படையின் பருந்து தளம். அங்கே நமக்கு டிக்கெட் கிடையாது. ஆக, கொழும்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதலில் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும்.

வான்வழியில் மதுரை – கட்டுநாயக்க சுமார் 355 கிலோமீட்டர், திருச்சியில் இருந்து சுமார் 420. எதில் ஏறினாலும் பறப்பது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருச்சி – கொழும்பு நேர்கோடு பாம்பன் பக்கமாகத்தான் கடலுக்குள் இறங்குகிறது. மதுரைக் கோடு சாயல்குடிப் பக்கம். பாம்பன்காரர் நாலைந்து மணி நேரம் வடக்கே போய் விமானம் ஏறி, தன் ஊர் இருக்கும் திசைக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது!

நேரத்தைத் தின்பது தரைவழிதான். இராமநாதபுரத்தில் இருந்து மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 115 கிலோமீட்டர். பரமக்குடிக்கு அப்பால் நான்கு வழிச்சாலை, கார் பறக்கும். சத்திரக்குடி வழியாகப் பரமக்குடி போய்ச் சேர்வதுதான் பாடு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் வண்டிகள் வரிசை கட்டிவிடும். சாதாரண நாளில் இரண்டேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். விரகனூரில் ரிங் ரோட்டுக்குத் திரும்பிவிட்டால் மதுரை நகருக்குள் நுழையவே வேண்டாம்.

திருச்சி, தேவகோட்டை – காரைக்குடி – புதுக்கோட்டை வழியாக 180 கிலோமீட்டருக்கு மேல். நாலு மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பதையும் சேர்த்தால், வீட்டு வாசலில் இருந்து கட்டுநாயக்க வரை மதுரை வழி ஆறேகால், திருச்சி வழி எட்டு மணி நேரம். இலங்கையிலும் நம் நேரம்தான் என்பதால் கடிகாரத்தைத் திருப்பும் வேலை இல்லை.

காரில் போகிறவர்களுக்கு மதுரைதான். வேன் பிடித்து வழியனுப்ப வரும் கீழக்கரைக் குடும்பங்களுக்கும் அதுவே வசதி, எல்லோரும் அன்றே வீடு திரும்பிவிடலாம். பேருந்து என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மதுரையில் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வரை போகாமல் ரிங் ரோட்டில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டும். திருச்சி விமான நிலையமோ புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. நகருக்குள் போகும் பேருந்துதானா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொண்டால் வாசலிலேயே இறங்கிவிடலாம். 2024 ஜனவரியில் திறந்த புது முனையம் விசாலமானது, பிள்ளைகளோடு காத்திருக்கத் தோது. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களும் அங்கே உண்டு.

சென்னையை இதில் சேர்க்கவே வேண்டாம். ஒரு ராத்திரி ரயில் பயணம், அப்புறம் வானில் சுமார் 645 கிலோமீட்டர்.

தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு ஊருக்கும் தூர வித்தியாசம் சுருங்கிவிடும். அவர்கள் அன்றைக்கு எந்த விமானத்தில் டிக்கெட் மலிவோ அதைப் பிடிக்கலாம்.