மரக்கடைசல் வகுப்பில் பணம் கட்டும் முன், உளி யார் கையில் இருக்கப்போகிறது என்று கேளுங்கள்

லேத் இயந்திரத்தில் சுழலும் மரத்தை உளியால் கடைந்து கிண்ணம் செய்யக் கற்றுக்கொள்ளப் போனேன். ‘நேரடிப் பயிற்சி, ஒருவருக்கு ஒரு லேத், நீண்ட அனுபவமுள்ள கடைசல்காரர்’ என்று சொல்லித்தான் என்னிடம் பணம் வாங்கினார்கள். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் உண்மை. ஆளின் பெயரையும் பட்டறையின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. வகுப்பை இப்படித்தான் நடத்துவார்கள் என்பது தெரிந்தால் எந்த ஊரிலும் உங்களால் கண்டுபிடித்துவிட முடியும், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அவர் திறமைசாலி. ஸ்க்யூ என்கிற சாய்ந்த முனை உளியை மரத்தின் மேல் வைத்தால் சீவல் ரிப்பன் மாதிரி நீளமாகச் சுருண்டு வரும், அந்த இடத்தில் உப்புத்தாள் போடவே தேவையில்லாத அளவுக்கு மரம் பளபளக்கும். இவ்வளவு தெரிந்தவர் நமக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். அவர் கடைவதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பு நேரம் முடிந்துவிடுகிறது.

வந்திருந்த ஆட்களைவிட லேத்கள் குறைவு. முறை வைத்துத்தான் நிற்க வேண்டும். முறை வந்து கவுஜ் என்கிற குழிவான உளியைப் பிடித்து, அது கொஞ்சம் அதிர ஆரம்பித்த உடனே, “கொடுங்க, நான் காட்டுறேன்” என்று பின்னாலிருந்து கை நீளும். காட்டுகிறேன் என்று வாங்கிய உளி திரும்பி வராது. வெளிவளைவை அவர் முடிப்பார், உட்பக்கத்தை அவரே குடைவார், அடிப்பாகத்தையும் அவரே சரிசெய்வார், பிறகு உப்புத்தாளை நம்மிடம் கொடுப்பார். தேய்த்து, எண்ணெய் பூசி, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு போட்டோ. வீட்டில் காட்டினால் “நீயா செய்தாய்?” என்று எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். அந்தக் கிண்ணத்தில் ஒரு வளைவுகூட நான் கடைந்தது இல்லை.

இதில் என்ன ஏமாற்று, கிண்ணம்தான் கிடைத்துவிட்டதே என்று சிலர் கேட்டார்கள். கடைசல் என்பது பார்த்து வருகிற வேலை இல்லை. உளியின் கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சாய்வு இருக்கிறதே, அதை முதலில் சுழலும் மரத்தின் மேல் வெட்டாமல் உரச விட வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல மேலே தூக்கத் தூக்க, ஒரு இடத்தில் கூர் மரத்தைத் தொட்டு மெல்லிய சீவல் வரத் தொடங்கும். சாய்வு மரத்தில் படிந்திருக்கும்வரை உளி நம் பேச்சைக் கேட்கும். சாய்வு விலகி வெறும் கூர் மட்டும் மாட்டினால் மரம் உளியை இழுத்துக்கொள்ளும், படாரென்று ஒரு அடி, மரத்தில் ஒரு பள்ளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்கைக்குத்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவருடைய கண்ணுக்குத் தெரியாது. அதை உணர்வதற்காகத்தான் பணம் கட்டினேன். அந்த வாய்ப்பைத்தான் ஒவ்வொரு முறையும் கையிலிருந்து பிடுங்கினார்கள்.

அடுத்தது சாணை. பாடத்திட்டத்தில் ‘உளி தீட்டுதல்’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. கேட்டபோதெல்லாம் “அது அப்புறம்” என்றார். நாங்கள் வருவதற்கு முன்பே எல்லா உளிகளும் தீட்டி வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். கடைசியில் பார்த்தால் தீட்டுவதற்குத் தனி வகுப்பாம், தனிக் கட்டணமாம். ஒரே கிண்ணத்துக்குள் கவுஜைப் பலமுறை தீட்ட வேண்டி வரும். மழுங்கிய உளியை அழுத்தித்தான் வெட்ட முடியும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். தீட்டத் தெரியாமல் வீட்டுக்கு அனுப்புவது பாதி வகுப்பைத் திருடிக்கொள்வதுதான், எனக்கு இதில் வேறு கருத்தே கிடையாது.

இதுவரை சொன்னது பணத்தோடு போகிற நஷ்டம். இனி சொல்லப்போவதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. என்னோடு கற்றுக்கொள்ள வந்த ஒருவருக்குக் கிண்ணத்துக்கான கட்டையை மாட்டிக்கொடுத்து, ரஃபிங் கவுஜ் என்கிற பெரிய உளியால் உருண்டையாக்கச் சொன்னார்கள். அந்த உளி இரு முனைகளுக்கு நடுவே மாட்டிய நீளக் கட்டையை உருண்டையாக்குவதற்கு மட்டும்தான். அதன் தலை அகலமாக இருக்கும், ஆனால் பல உளிகளில் கைப்பிடிக்குள் போகிற வால் தட்டையாக, மெலிதாக இருக்கும். கிண்ணக் கட்டையில் மரத்தின் இழை குறுக்கே ஓடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூர் இழையின் முனையில் போய் மோதும், அந்த அடியில் வால் ஒடிந்துபோகலாம். போதாக்குறைக்கு, அதற்கு முன் நீளக் கட்டை கடைந்த வேகத்தை யாரும் குறைக்கவில்லை, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கவில்லை. உளி ஒருமுறை மாட்டியது, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து அது பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து விழுந்தது. கடைந்துகொண்டிருந்தவர் முகத்தில் இருந்தது வெறும் கண்ணாடி. முகம் முழுவதையும் மறைத்துக் காக்கும் முகக்கவசம் ஒன்றே ஒன்று, அது மாஸ்டர் தலையில். “இதெல்லாம் சகஜம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இது சகஜம் இல்லை. கிண்ணம் கடைபவர்கள் வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கு உண்டு: கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று வேகத்தால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும். அதாவது 10 அங்குலக் கட்டை என்றால் நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று, கட்டை கோணல்மாணலாக இருந்தால் அதைவிடவும் குறைவாகத்தான் தொடங்க வேண்டும். ஸ்விட்சைப் போடுவதற்கு முன் கையால் ஒரு சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும், கட்டை பறந்தால் போகும் பாதையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். உப்புத்தாள் போடும்போது உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் விரல் நடுவில் சிக்கும். கையுறை, தொங்கும் துணி எதுவும் கூடாது. இதில் ஒன்றைக்கூட அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தூசியையும் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே அறையில் தேய்த்துக்கொண்டிருந்தோம், தூசி உறிஞ்சும் இயந்திரம் மூலையில் அணைந்து கிடந்தது, மாஸ்க் கேட்டால் சிரித்தார்கள். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது.

வகுப்பு முடியும் நாளில் உளிப்பெட்டி விற்பனை. சூடேறினாலும் எளிதில் பதம் இழக்காத ‘ஹைஸ்பீட் ஸ்டீல்’ என்று சொல்லி ஒரு செட்டைத் தலையில் கட்டினார்கள். பிறகு வேறொரு அம்மாவிடம் கற்கப் போனபோது, அவர் அதில் ஒன்றைச் சாணை பிடிக்கும் கிரைண்டரில் லேசாகத் தொட்டதுமே நிறுத்திவிட்டார். தீப்பொறி வெள்ளையாகக் கிளைகிளையாக வெடித்தது. ஹைஸ்பீட் ஸ்டீல் என்றால் பொறி செம்மஞ்சளாக, மங்கலாக வருமாம். பக்கத்திலேயே வைத்து அவருடைய உளியையும் தொட்டுக் காட்டினார், இரண்டும் இரண்டு விதம். என்னிடம் விற்றது கார்பன் ஸ்டீல். அதுவும் நல்ல இரும்புதான், ஆனால் கிரைண்டரில் சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடம் பதம் இழந்துவிடும், தீட்டிய கூர் நிற்காது. அது தெரியாமல் வீட்டில் தீட்டியிருந்தால் எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன்.

அந்த அம்மா முதல் வகுப்பை கிரைண்டரில்தான் ஆரம்பித்தார். அப்புறம் ஒரு சாதாரணக் கட்டையில் மணி போன்ற மேடும் பள்ளமும் மாற்றி மாற்றிக் கடையச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். உளி மாட்டினால் “ஏன் மாட்டுச்சு, சொல்லுங்க” என்பார். உளியை வாங்க மாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றுமே தரவில்லை.

பழைய இடத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “கிண்ணம் கையில கொடுத்தேனே, இன்னும் என்ன வேணும்?” என்பதுதான் பதில்.

ஆகவே, சேரும் முன் ஒரு வகுப்பு நடக்கும்போது போய் ஓரமாக நின்று பாருங்கள். விட மாட்டேன் என்றால் அங்கே சேர வேண்டாம். உளி மாணவர் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, முகக்கவசம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கவனியுங்கள். ஒருவருக்கு ஒரு லேத் என்பதையும், தீட்டுவது இதே கட்டணத்தில் அடக்கம் என்பதையும், பாதியில் விலகினால் பணம் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உளிப்பெட்டியை அங்கேயே வாங்காதீர்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் அடுத்த வகுப்பிலேயே “இன்று நான்தான் தீட்டுவேன்” என்று கேட்டுப் பாருங்கள். கிண்ணக் கட்டையில் ரஃபிங் கவுஜைக் கொடுத்தால், யார் கொடுத்தாலும் சரி, வாங்காதீர்கள்.